கயிறு, ரப்பர், சாக்பீஸ்: குழந்தைகளுக்கு வில்வித்தை தொடங்கிவைப்பது எப்படி

ஏப்ரல் பிறந்து பள்ளிக்கூடம் மூடினால் போதும், எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெற்றோர் மைதானத்துக்கு வந்துவிடுவார்கள். எல்லாப் பிள்ளையும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "மாஸ்டர், அம்பு எப்ப விடலாம்?" பத்து நாள் பொறு என்று சொன்னால் முகம் வாடிவிடும். அந்த முகத்தைப் பார்த்து மனசு இளகி முதல் நாளே வில்லைக் கையில் கொடுத்துவிடுவதுதான் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வருகிறவர்கள் செய்யும் பெரிய தவறு. நானும் செய்திருக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் 9 வயதுப் பெண் ஒருத்தி. முதல் நாள், மூன்றாவது அம்பு. நாண் அவள் முன்கையின் உள்பக்கத்தில் அடித்து, தோல் சிவந்து கன்றிப்போனது. அழவில்லை, மறுநாளும் வந்தாள். ஆனால் அதற்கப்புறம் ஒவ்வொரு அம்பையும் விடுவதற்கு ஒரு நொடி முன்னால் கண்ணை மூடிக்கொள்வாள், கை தானாக வெளியே ஒதுங்கும். அந்தப் பயம் போக மழைக்காலம் வரை ஆனது. முழங்கையை எப்படித் திருப்பிப் பிடிக்க வேண்டும் என்று அம்பு கொடுப்பதற்கு முன் நான் சொல்லித்தரவில்லை, அதனால் அடிபட்டது. அன்றிலிருந்து வரிசையை மாற்றிவிட்டேன்: முதலில் உடம்பு கற்கட்டும், அப்புறம் வில், கடைசியில் அம்பு.

இதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. வீட்டிலும் பஞ்சர் கடையிலும் கிடைப்பதே போதும். ஒரு விஷயத்தை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு பொருள் ஒரு பழக்கத்தை மட்டும் கற்றுத்தரட்டும். நாலைந்து விஷயத்தை ஒரே நேரத்தில் சரிசெய்யப் போனால் பிள்ளை குழம்பிவிடும், நாமும் குழம்பிவிடுவோம்.

என்னென்ன வேண்டும்

மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள நைலான் கயிறு, ஆளுக்கு 2 மீட்டர். ஃபிசியோதெரபிக்குப் பயன்படுத்துவார்களே, அந்த ரப்பர் பட்டை, அதிலும் மெல்லியது. அது கிடைக்காவிட்டால் பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டிய பட்டை. சாக்பீஸ், அட்டைப்பெட்டி, ஒரு ஜோடி ஷூ லேஸ், தையல் நூல், ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் மூலைமட்டம், பலூன், ஒரு விசில். இலக்குக்கு உரச்சாக்கும் வைக்கோலும்.

வில்லைப் பொறுத்தவரை 8 முதல் 10 வயதுப் பிள்ளைக்கு 10 முதல் 14 பவுண்டு போதும். பவுண்டு என்பது இங்கே வில்லின் எடை இல்லை, நாணை இழுக்கத் தேவைப்படும் விசை. வில்லில் எழுதியிருக்கும் பவுண்டு பெரும்பாலும் 28 அங்குலம் இழுத்தால் வரும் அளவு. 20 அங்குலம் மட்டும் இழுக்கிற பிள்ளைக்கு அதைவிடக் குறைவாகத்தான் கையில் வரும். ஆனாலும் "வளர்ந்துடுவான், கொஞ்சம் பெருசா வாங்கலாம்" என்று செருப்பு வாங்குகிற மாதிரி வில் வாங்காதீர்கள். கனமான வில்லை இழுக்கத் தோளைத் தூக்கி, முதுகை வளைத்து, தலையைப் பின்னால் சாய்த்துப் பிள்ளை எப்படியாவது சமாளித்துவிடும். அந்தச் சமாளிப்பே பழக்கமாகி, பல வருஷத்துக்குப் போகாது. வளரும் எலும்பு மூட்டுகளுக்கும் அது நல்லதில்லை. பிள்ளை முழுதாக இழுத்து 8 முதல் 10 விநாடி நடுங்காமல் நின்று, நிதானமாகத் திரும்ப இறக்க முடிந்தால் அந்த வில் பொருந்தும், இல்லையென்றால் கனம்.

அம்பு எத்தனை நீளம் என்பதற்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. இரண்டு கையையும் பக்கவாட்டில் விரிக்கச் சொல்லி, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நுனி வரை அளந்து 2.5-ஆல் வகுங்கள். 125 சென்டிமீட்டர் வந்தால் இழுவை நீளம் 50 சென்டிமீட்டர், அதாவது கிட்டத்தட்ட 20 அங்குலம். அம்பு அதைவிட 2, 3 அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். குட்டையான அம்பை அதிகமாக இழுத்தால் முனை வில்லுக்குப் பின்னால் வந்து கையில் குத்தும் ஆபத்து இருக்கிறது, இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

வயது பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஐந்து, ஆறு வயதுக்குக் கயிறும் விளையாட்டும் போதும். உண்மையான அம்பை நான் 8 வயதுக்குமேல்தான் கொடுக்கிறேன். அதுவும் வயதை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை. "நில்" என்றால் நிற்கிற பிள்ளையா என்று பார்த்துத்தான்.

எந்தக் கண், எந்தக் கை

முதல் நாள், முதல் வேலை இது. பிள்ளை இரு கைகளையும் நீட்டி, உள்ளங்கைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து நடுவில் சின்ன ஓட்டை விட்டு, அதன் வழியாக உங்கள் மூக்கைப் பார்க்கட்டும். இரண்டு கண்ணும் திறந்திருக்க வேண்டும். உங்கள் பக்கமிருந்து பார்த்தால் ஓட்டைக்குள் எந்தக் கண் தெரிகிறதோ அதுதான் ஓங்கிய கண். மூன்று தடவை செய்து பாருங்கள். வலது கண் ஓங்கியிருந்தால் வலது கையால் நாணை இழுக்க வேண்டும், வில் இடது கையில். கை வலது, கண் இடது என்று மாறிவரும் பிள்ளைகளும் உண்டு. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் கண் சொல்கிற பக்கத்தையே எடுத்துக்கொள்கிறேன், சின்ன வயதில் கை சீக்கிரம் பழகிவிடும். இனி வருவதெல்லாம் வலது கையால் இழுக்கும் பிள்ளைக்கு எழுதியது. இடது கைப் பிள்ளைக்கு அப்படியே திருப்பிக்கொள்ளுங்கள்.

கால்

தரையில் சாக்பீஸால் ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால், தோள் அகலத்துக்கு. இடது தோள் இலக்கைப் பார்க்கட்டும். பிள்ளையின் செருப்பை அட்டையில் வைத்து வரைந்து வெட்டி, அந்த அட்டைப் பாதங்களைத் தரையில் ஒட்டிவிட்டால் நீங்கள் "கால், கால்" என்று கத்திக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. ஒரு வாரத்தில் எடுத்துவிடுங்கள், கால் தானாகப் போய் நிற்கும்.

சுவர்

அந்தப் பெண்ணுக்கு நான் சொல்லித்தராமல் விட்டது இதைத்தான். பிள்ளை சுவருக்குப் பக்கவாட்டாக நின்று, இடது கையைத் தோள் உயரத்துக்கு நீட்டி, விரல் நுனி மேலே பார்க்க உள்ளங்கையைச் சுவரில் ஊன்றட்டும். இப்போது உள்ளங்கை அசையாமல் முழங்கையை மட்டும் சுழற்ற வேண்டும். முழங்கையின் உள்மடிப்பு வானத்தைப் பார்த்தபடி இருந்தால், அந்த இடத்துச் சதை நாண் போகும் வழியில் துருத்திக்கொண்டு நிற்கும். மடிப்பு செங்குத்தாக, பக்கவாட்டில் பார்க்கும்படி திரும்பினால் வழி கிடைக்கும். முதலில் பிள்ளைகளுக்கு இது புரியாது, உள்ளங்கையும் சேர்ந்தே சுழலும். மடிப்பில் பேனாவால் ஒரு கோடு போட்டு "இந்தக் கோட்டை மட்டும் திருப்பு கண்ணு" என்றால் பிடித்துக்கொள்வார்கள். கூடவே தோள் காதுப் பக்கம் ஏறாமல் கீழேயே இருக்கிறதா என்றும் பாருங்கள். தினம் 10 தடவை, இரண்டு வாரம். இதைச் செய்தாலும், நாண் அடிக்காமல் முன்கையை மறைக்கும் கைக்காப்பைக் கட்டாமல் யாரும் வில்லைத் தொடக் கூடாது.

ரப்பர்

ரப்பர் பட்டையை வளையமாக முடிந்து, இடது கையை நீட்டிக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மாட்டி, வலது கையின் மூன்று விரலால் முகம் வரை இழுக்க வேண்டும். கை தாடை எலும்புக்கு அடியில் வந்து ஒட்டட்டும், இதைத்தான் ஆங்கர் என்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே இடம். இழுக்கும்போது இரண்டு தோள்பட்டை எலும்புகளும் முதுகில் ஒன்றை ஒன்று நெருங்க வேண்டும். பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் நின்று, அந்த இரண்டு எலும்புக்கும் நடுவில் உங்கள் ஒரு விரலை நீட்டி "இந்த விரலை நசுக்கு" என்று சொல்லிப் பாருங்கள், அரை நாள் விளக்கத்துக்கு அது சமம்.

ரப்பரை ஒருபோதும் விடக் கூடாது. இழுத்த மாதிரியே மெல்லத் திரும்பக் கொண்டுபோக வேண்டும். விட்டால் தெறித்து முகத்தில், கண்ணில் அடிக்கும். சைக்கிள் டியூப் என்றால் தினமும் விரித்துப் பார்த்து, சின்ன வெடிப்பு இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

கயிறு: இதற்குத்தான் அதிக நேரம் கொடுங்கள்

எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கயிற்று வளையம்தான். ரப்பரில் கற்க முடியாத ஒன்றை இது கற்றுத்தரும்: நாணை விடுவது. வில்வித்தையில் கடினமான இடமே அதுதான், அங்கேதான் எல்லோருக்கும் அம்பு விலகிப்போகிறது.

செய்வது சுலபம். கயிற்றை மடித்து ஒரு முனையைப் பிள்ளையின் இடது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மாட்டுங்கள். பிள்ளை வில் இழுக்கும் நிலையில் நின்று, வலது கை ஆங்கரில் தாடைக்கு அடியில் இருக்கட்டும். மறுமுனையை அந்த மூன்று விரலில் மாட்டி, கயிறு விறைப்பாக நிற்கிற இடத்தில் முடிச்சுப் போடுங்கள். முடிச்சு விரலில் உறுத்தாமல் நடுவில் வரட்டும். மற்றவனுடைய வளையம் நீளத்தில் ஒத்துவராது, அதனால் ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள். பிள்ளை வளர வளர முடிச்சை அவிழ்த்து மாற்ற வேண்டியிருக்கும்.

இப்போது பிள்ளை நிற்கிறது, கயிறு விறைப்பாக இருக்கிறது. இடது கை இலக்கை நோக்கித் தள்ளுகிறது, வலது பக்கம் முதுகு பின்னால் இழுக்கிறது. விரலைத் திறக்கச் சொல்லாதீர்கள். திற என்று சொன்னால் ஐந்து விரலும் பூப்போல விரியும், கை வெளியே போகும். "வாளியைக் கையில் தொங்கவிட்டிருக்கிறாய், போதும் என்று விரலைத் தளர்த்து" என்று சொல்லுங்கள். விரல் தளர்ந்ததும் கயிறு தானாக நழுவி முன்னால் பாயும், வலது கை கழுத்தை ஒட்டித் தானாகக் காதுக்குப் பின்னால் போகும்.

கயிறு எங்கே போகிறது என்று கவனியுங்கள். நேராக முன்னால் பாய்ந்தால் விடுதல் சரி. பக்கவாட்டில் போனால் விரல் நாணைச் சுண்டுகிறது. வலது கை தாடையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டால் பிள்ளை முதுகால் இழுக்கவில்லை, வெறும் கையால் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. கை முன்னால் போனால் விடுவதற்கு முன்பே பயந்து தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். யாரும் திட்டாமல், யாரும் விளக்காமல் கயிறே பிள்ளைக்குக் காட்டிவிடுகிறது, நாலாவது நாள் பிள்ளையே "மாஸ்டர், சைடுல போச்சு" என்று சொல்லும், அந்த நிமிஷம் கேட்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

ஒரு நாளைக்கு 20 தடவை, இடையிடையே ஓய்வு. நேரம் இருந்தால் செல்போனில் ஸ்லோ மோஷனில் எடுத்துக் காட்டுங்கள். பிள்ளைகள் தங்கள் கையைத் தாங்களே பார்க்கும்போது நாம் சொல்வதை நம்புவார்கள்.

வில் வருகிறது, அம்பு இன்னும் இல்லை

பத்து நாள் கழித்து வில்லைக் கொடுங்கள். முதல் விதி: அம்பு இல்லாமல் நாணை விடவே கூடாது. அம்பு இருந்தால் வில்லில் சேர்ந்த விசை அம்போடு போய்விடும். அம்பு இல்லாவிட்டால் அது வில்லின் தண்டிலும் நாணிலுமே இறங்கும், தண்டு விரிசல் விடும், நாண் அறும், சிதறினால் முகத்துக்கு ஆபத்து. அதனால் இந்தக் கட்டத்தில் இழுப்பதும் இறக்குவதும் மட்டும்தான்.

விடும் பழக்கத்தை வில்லிலேயே கற்றுத்தர வேண்டுமென்றால் முழங்கைப் பட்டை கட்டலாம். பழைய பள்ளிப் பையின் தோள்பட்டையை வெட்டி, வலது முழங்கையைச் சுற்றி ஒரு வளையம். அதிலிருந்து நீளாத கயிறு ஒன்று நாணுக்குப் போகும். பிள்ளை முழுதாக இழுத்து விரலைத் தளர்த்தினால் நாண் இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் முன்னால் போய்ப் பட்டையில் நின்றுவிட வேண்டும், அந்த அளவுக்குக் கயிற்றைச் சரிசெய்யுங்கள். முதுகு வேலை செய்யாமல் கையால் இழுத்திருந்தால் பட்டை பிள்ளையை முன்னால் வெடுக்கென்று இழுக்கும், அதுதான் பாடம். கடையில் விற்கும் விலை கூடிய கருவியும் செய்வது இதே வேலையைத்தான். ஆனால் வீட்டில் கட்டியதற்கு முடிச்சுதான் உயிர். முதலில் நீங்கள் இழுத்துப் பாருங்கள், பிள்ளை இழுக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், மிக லேசான வில்லோடு மட்டும் செய்யுங்கள். முடிச்சில் நம்பிக்கை இல்லையென்றால் இந்தப் படியை விட்டுவிடலாம், கயிற்று வளையமே போதும்.

வில்லிலும் சில சின்ன வேலைகள். நாணில் அம்பு மாட்டும் இடத்தை மூலைமட்டம் வைத்துக் குறியுங்கள்: வில்லில் அம்பு அமரும் இடத்துக்கு நேர்மட்டத்திலிருந்து 6 முதல் 9 மில்லிமீட்டர் மேலே தையல் நூலை இறுகச் சுற்றி முடிச்சுப் போட்டால், பிள்ளை ஒவ்வொரு அம்பையும் அதற்கு அடியில் ஒரே இடத்தில் மாட்டும். உதடு தொடும் இடத்திலும் ஒரு குட்டி நூல் முடிச்சு போடலாம், அது உதட்டைத் தொட்டால் ஆங்கர் சரியான இடத்துக்கு வந்துவிட்டது என்று பிள்ளைக்குத் தெரியும். ஷூ லேஸை இடது கைக் கட்டைவிரலிலிருந்து வில்லுக்கு முன்பக்கமாக ஆள்காட்டி விரலுக்குக் கட்டிவிட்டால் வில் கீழே விழாது. விழாது என்று தெரிந்தபிறகுதான் பிள்ளை வில்லை இறுக்கிப் பிடிப்பதை நிறுத்தும். இறுக்கிப் பிடித்தால் விடும் நேரத்தில் வில் திரும்பும், அம்பு ஒரு பக்கமாகவே போகும்.

நாண் ஏற்றுவதைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும். அதற்கென்று இருக்கும் கயிற்றை வைத்து ஏற்றுங்கள். காலுக்குள் விட்டு வளைத்தால் தண்டு முறுக்கிக்கொள்ளும்.

மைதானமும் விசிலும்

இலக்குக்குப் பின்னால் ஆள் நடமாட்டமோ பாதையோ வீடோ இருக்கவே கூடாது. 10 பவுண்டு வில்லாக இருந்தாலும் அண்ணாந்து விட்டால் அம்பு பல பத்து மீட்டர் போகும். மொட்டைமாடி வேண்டாம், தெரு வேண்டாம்.

விசில் முறை போட்டிகளில் உள்ளதுதான்: இரண்டு விசில் என்றால் கோட்டுக்கு வரலாம், ஒன்று என்றால் எய்யலாம், மூன்று என்றால் வில்லை வைத்துவிட்டு அம்பு எடுக்கப் போகலாம். ஐந்தோ அதற்கு மேலோ தொடர்ந்து கேட்டால் இழுத்த நாணையும் அப்படியே மெதுவாக இறக்கி நின்றுவிட வேண்டும். கயிறு பழகும் நாட்களிலேயே இந்த விசிலையும் பழக்கிவிடுங்கள், அம்பு வரும்போது புதிதாக இருக்காது. ஐந்து விசிலை அவ்வப்போது சும்மாவும் ஊதிப் பாருங்கள்.

அம்பு எடுக்க நடந்துதான் போக வேண்டும், ஓடக் கூடாது. இலக்கில் குத்தி நிற்கும் அம்பின் பின்முனை சின்னப் பிள்ளையின் முகத்து உயரத்தில்தான் இருக்கும். பக்கவாட்டில் நின்று, பின்னால் யாரும் இல்லை என்று பார்த்து, ஒரு கையால் இலக்கை அழுத்தி, மறு கையால் அம்பை இலக்கை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். எடுத்ததும் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கார்பன் அம்பில் விரிசல் இருந்தால் மறுபடி எய்யும்போது உடைந்து கையில் ஏறும், கண்டதும் ஒடித்துப் போட்டுவிடுங்கள்.

முதல் அம்பு

இலக்கு செய்ய: உரச்சாக்கில் காய்ந்த வைக்கோலைக் காலால் மிதித்து மிதித்து இறுக்கி நிரப்பி, வாயைக் கோணி ஊசியால் தைத்துவிடுங்கள். பழைய துணியும் திணிக்கலாம், ஆனால் பொத்தான், ஜிப் எல்லாம் வெட்டி எடுத்த பிறகு. அட்டைகளை அடுக்கிப் பேக்கிங் பட்டையால் இறுக்கிக் கட்டி, அடுக்கின் ஓரம் பிள்ளையைப் பார்க்கும்படி வைத்தாலும் நன்றாக நிற்கும், அம்பு அடுக்குகளுக்கு இடையே போய் மாட்டிக்கொள்ளும். எது செய்தாலும் பெரிதாகச் செய்யுங்கள்.

தூரம் 3 மீட்டர். சாக்கின்மேல் வட்டமோ காகிதமோ எதுவும் வேண்டாம். வட்டத்தைப் பார்த்தால் பிள்ளையின் மனசு அங்கே போய்விடும், கயிற்றில் கற்றதெல்லாம் மறந்துபோகும். வெறும் சாக்கில் ஒரு வாரம் விடட்டும். மூன்று விரலையும் அம்புக்கு அடியில் வைக்கச் சொல்லுங்கள், விரல் அம்பைக் கவ்வாது, அம்பு வில்லிலிருந்து சரியாது. நிறம் மாறிய ஒற்றை இறகு வில்லுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கட்டும். மூன்று அம்பு விட்டதும் நடந்து போய் எடுத்து வரட்டும். ஒரு நாளைக்கு 30 அம்புக்குமேல் வேண்டாம், கை ஓய்ந்த பிறகு விடும் அம்பெல்லாம் தப்பைத்தான் பழக்கும்.

அப்புறம் பலூன். ஊதிய பலூனைச் சாக்கில் ஒட்டிவிடுங்கள், வெடிக்கிற சத்தத்துக்காகவே பிள்ளைகள் நாள் முழுக்க நிற்பார்கள். பேப்பர் தட்டு ஒட்டி, ஆறு அம்பில் ஆறும் தட்டில் விழுந்தால் 2 மீட்டர் பின்னால் போகலாம் என்று வைத்திருக்கிறேன். விழாவிட்டால் பழைய தூரத்துக்கே திரும்ப வேண்டும், அதில் அவமானம் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். 122 சென்டிமீட்டர் காகிதமும் மஞ்சள், சிவப்பு, நீலம், கருப்பு, வெள்ளை வட்டங்களும் அதற்கப்புறம்தான். ஒலிம்பிக்கில் அதே காகிதத்தை 70 மீட்டரில் வைக்கிறார்கள் என்று சொன்னால் பிள்ளைகள் மைதானத்தின் கடைசியை எட்டிப் பார்ப்பார்கள்.

தப்பு தெரிந்தால்

அம்பைக் குறை சொல்லாமல், வில்லைக் கீழே வைத்துவிட்டுப் பழைய பொருளுக்குத் திரும்புங்கள். நாண் கையில் அடிக்கிறதா, சுவருக்குப் போங்கள். அம்பு இடமும் வலமும் சிதறுகிறதா, கயிறு. மேலும் கீழும் சிதறினால் பெரும்பாலும் ஆங்கர் மாறுகிறது, உதட்டு முடிச்சைப் பாருங்கள். விடும் முன் கண் மூடினால் வட்டக் காகிதத்தை எடுத்துவிட்டு வெறும் சாக்கு, 3 மீட்டர், நாலைந்து நாள். அந்தப் பெண்ணை நான் மீட்டது அப்படித்தான்.

நடக்க முடியாத பிள்ளையோ கை குறைபாடுள்ள பிள்ளையோ வந்தால் திருப்பி அனுப்பாதீர்கள். கையே இல்லாமல் பிறந்த ஷீத்தல் தேவி காலால் வில்லைப் பிடித்து எய்து, 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாருடன் கலப்பு அணியில் வெண்கலம் வாங்கினார், அப்போது வயது 17. நாற்காலியில் உட்கார்ந்தபடியே ரப்பரும் கயிறும் பழகலாம், அட்டைப் பாதம் மட்டும்தான் தேவைப்படாது.

"மூங்கில் வில்லில் தொடங்கலாமா?" என்றும் கேட்கிறார்கள். தாராளமாக. நம் நாட்டுப் போட்டிகளில் இந்தியன் ரவுண்ட் என்று மூங்கில் வில்லுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. ராஞ்சிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த இந்திய வில்வித்தை வீராங்கனை தீபிகா குமாரியும் சின்ன வயதில் கல்லால் மாங்காய் அடித்து, வீட்டில் செய்த மூங்கில் வில்லில் பழகியவர்தான். மூங்கிலில் பிசிறு இல்லாமல் தேய்த்திருக்கிறதா, இழுவை லேசாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பயிற்சி முடிந்து போகும்போது வில்லையும் அம்பையும் நீங்களே வைத்துக்கொண்டு, பெயர் எழுதிய கயிற்று வளையத்தை மட்டும் பிள்ளையிடம் கொடுத்து அனுப்புங்கள். ரப்பரைப் பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் இழுக்கட்டும். கயிற்றைக் கண்ணாடி முன்னால் நின்று தினம் 20 தடவை, பல் தேய்த்த கையோடு செய்தாலும் சரி.